பள்ளிச் சேர்க்கையும் நுழைவுத் தேர்வுகளும்: பெற்றோர் அறிய வேண்டியவை

(மக்தப் மதரஸா மாணவ மாணவியரின் பெற்றோருக்காக நம் பள்ளிவாசலில் நடைபெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் இமாம் ஹள்ரத் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் அறபி மதரஸாவில் ஓதி ஸனது பெற்றவர்கள். பள்ளிக்கூடச் சேர்க்கை, நுழைவுத் தேர்வு, கலந்தாய்வு ஆகியவை பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணலாம். அந்த எண்ணம் நியாயமானதே. ஆயினும் கடலூர் முதுநகரில் பணியாற்றிய காலத்திலும், சிதம்பரத்திற்கு வந்த பின்னரும், மே, ஜூன் மாதங்களில் நம்மைத் தேடி வருவோரில் பாதிப் பேர் மார்க்கச் சட்டம் கேட்டு வருவதில்லை. "ஹள்ரத், பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம்?" என்றே கேட்டு வருகிறார்கள். கேட்கிறவருக்கு ஒரு பதிலைச் சொல்லி அனுப்பும் வழக்கம் நமக்கு இருந்தது. அந்தப் பதில்களில் ஒன்று பிழையாகப் போயிற்று. அதனால்தான் இன்று இந்தத் தலைப்பை நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம். அது என்ன என்பதை உரையின் நடுவில் சொல்கிறோம்.

உஹதுக் களத்தில் ஒரு தேர்வு

உஹதுப் போருக்குப் படை புறப்பட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அணிகளைப் பார்வையிட்டு, வயது குறைந்த சிறுவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பதினான்கு வயதான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களும் அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். பின்னர் அகழ்ப் போரின்போது பதினைந்து வயதில் அனுமதி பெற்றார்கள். ராஃபிஃ இப்னு கதீஜ் (ரலி) அவர்கள் அம்பெய்வதில் வல்லவர் என்று எடுத்துச் சொல்லப்பட்டதால் உஹதிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அதைக் கண்ட ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) என்ற சிறுவர் தம் வளர்ப்புத் தந்தையிடம் சென்று, "ராஃபிஃ சேர்க்கப்பட்டார், நானோ மறுக்கப்பட்டேன். மல்யுத்தத்தில் அவரை நான் வீழ்த்திவிடுவேனே!" என்று முறையிட்டார். அந்தத் தந்தை அதைப் பெருமானாரிடம் எடுத்துரைக்க, இருவரையும் மற்போர் செய்யச் சொன்னார்கள். ஸமுரா வென்றார், அவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். சீறா நூல்களில் இவ்வரலாறு காணப்படுகிறது.

நாம் இதை மதரஸாவில் வீரத்திற்கு எடுத்துக்காட்டாகப் படித்தோம். இப்போது பெற்றோர் என்ற கண்ணோட்டத்தில் படித்துப் பாருங்கள். வயது வரம்பு இருந்தது. விதிவிலக்கும் இருந்தது. சோதனையும் இருந்தது. மறுக்கப்பட்டவரை யாரும் இழிவாகப் பேசவில்லை. அடுத்த வாய்ப்பு அவருக்காகக் காத்திருந்தது. ஸமுராவிடம் வலிமை முன்பே இருந்தது. ஆனால் அந்த வலிமையை உரிய நேரத்தில், உரிய இடத்தில் எடுத்துச் சொல்ல ஒரு தந்தை இல்லாமலிருந்தால், அவரும் வீட்டுக்குத்தான் திரும்பியிருப்பார்.

நாம் இன்று சொல்ல வந்த செய்தி இதுவே. படித்துத் தேர்வெழுதுவது பிள்ளையின் வேலை. விதி என்ன, கடைசித் தேதி எது, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று அறிந்து வைத்திருப்பது பெற்றோரின் வேலை. நம் முஹல்லாவில் பிள்ளைகள் தங்கள் வேலையில் தவறியதை விட, நாம் நம் வேலையில் தவறியதே அதிகம்.

நம் உறவினர்கள் வாழும் பிற நாடுகளைப் பாருங்கள். இலங்கையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை, சிங்கப்பூரில் ஆறாம் ஆண்டு முடிவில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, இங்கிலாந்தில் சில பகுதிகளில் 'கிராமர் ஸ்கூல்' எனப்படும் பள்ளிகளுக்குப் பதினோரு வயதில் நுழைவுத் தேர்வு. ஒரே தேர்வு, ஒரே வயது என்பதால் அங்குள்ள பெற்றோர் அதற்கு வெகு முன்பே ஆயத்தமாகிறார்கள். நம் தமிழ்நாட்டில் அப்படி ஒரே வாசல் கிடையாது. சிறு சிறு வாசல்கள் பல உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு வகுப்பில், வெவ்வேறு மாதத்தில் திறந்து மூடுகிறது. ஆகவே வகுப்பு வாரியாகச் சொல்கிறோம்.

மழலையர் வகுப்பு: அங்கே தேர்வே கிடையாது

கடலூரில் நாம் இருந்தபோது, சைக்கிளில் துணி விற்கும் சகோதரர் ஒருவர் தம் மூன்று வயது மகனை எல்.கே.ஜி.யில் சேர்க்க ஒரு தனியார் பள்ளிக்குச் சென்றார். குழந்தையிடம் நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் கேட்டார்களாம். தாயிடம், "நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்களாம். மறுநாள் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் நம்மிடம் வந்து ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டார். நாமும் ஜமாஅத் முத்திரையிட்டு எழுதிக் கொடுத்தோம். பலன் இல்லை. "என் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாததால் போயிற்று ஹள்ரத்" என்று அவர் சொன்னது இன்றும் நம் காதில் இருக்கிறது.

அன்று நமக்குத் தெரியாதிருந்தது இதுதான். 2009இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், பின்னர் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். நன்கொடை கேட்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. அந்தச் சகோதரருக்கு அன்று தேவைப்பட்டது நம் கடிதமன்று. மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு ஒரு புகார் மனு.

அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, சிறுபான்மையல்லாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் தங்கள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். அப்பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை கற்பிப்புக் கட்டணத்தை அரசு செலுத்துகிறது. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டோர் நலிந்த பிரிவில் வருவர். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் வகுப்பினர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் விண்ணப்பிக்கலாம். பள்ளி, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்க வேண்டும். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31ஆம் தேதிக்குள் 3 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் இணைய வழியில் மட்டுமே. இடங்களை விட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல். வழக்கமாகக் கோடையில் அறிவிப்பு வரும். ஆனால் 2025-26 கல்வியாண்டில் மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே நிதி குறித்து ஏற்பட்ட பிணக்கால் பல மாதங்கள் தள்ளிப்போய், அக்டோபரில்தான் தொடங்கியது. ஆகவே அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. எனவே நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளுக்கு 25 விழுக்காட்டுக் கட்டாயம் இல்லை. சட்டம் விலக்களித்ததால் நம் பொறுப்பு நீங்கிவிடாது. நம் பள்ளி வாசலிலேயே ஓர் ஏழைத் தாய் ஆங்கிலம் தெரியாமல் தலைகுனிந்து நின்றால், நாளை மறுமையில் அதற்கு யார் பதில் சொல்வது? பள்ளி நிர்வாகத்தில் இருப்போர் சிந்திக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பு: இரண்டு தேர்வுகளும் ஒரு முடிவும்

"புதுச்சேரியில் நவோதயா பள்ளி இருக்கிறதே, அங்கே தேர்வு எழுதலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். ஜவஹர் நவோதயா வித்யாலயா என்பது ஆறாம் வகுப்பிலிருந்து மத்திய அரசு நடத்தும் உறைவிடப் பள்ளி. தேர்வு ஐந்தாம் வகுப்பில் நடக்கும். ஆனால் எந்த மாவட்டத்துப் பள்ளியோ, அந்த மாவட்டத்திலேயே வசித்து, அங்கேயே ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைதான் எழுதலாம். இருமொழிக் கொள்கை காரணமாகத் தமிழ்நாட்டில் இதுவரை ஒரு நவோதயா பள்ளியும் இயங்கவில்லை. ஆகவே கடலூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை. இதற்கெனப் பயிற்சி தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் ஏமாறாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்குத் திறந்திருப்பது சைனிக் பள்ளி. உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நகரில் 1962 முதல் அது இயங்கி வருகிறது. ஆறாம் வகுப்புக்குப் பத்து முதல் பன்னிரண்டு வயது. ஒன்பதாம் வகுப்புக்குப் பதின்மூன்று முதல் பதினைந்து வயது. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். மொத்தம் 300 மதிப்பெண்; அதில் பாதி, அதாவது 150 மதிப்பெண், கணக்குப் பாடத்திற்கே. பெண் பிள்ளைகளுக்கும் ஆறாம் வகுப்பில் இடம் உண்டு. கட்டணம் கூடுதல் என்பதை முன்னரே அறிந்து, உதவித்தொகை விவரங்களையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேர்வுகளை எழுதப்போவது நம்மில் மிகச் சிலரே. அனைவரும் எடுக்க வேண்டிய முடிவு வேறொன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பில் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்ப்பதா, தனியார் பள்ளியில் சேர்ப்பதா என்பதே அந்த முடிவு. நாம் பிழை செய்ததும் இந்த இடத்தில்தான்.

நம் முஹல்லாவில் ஒரு சகோதரர். பெயர் வேண்டாம். அவருடைய மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து வந்தாள். நன்றாகப் படிக்கும் பிள்ளை. மருத்துவராக வேண்டும் என்று சிறு வயதிலேயே சொல்லிக்கொண்டிருந்தவள். 2021இல் அவர் நம்மிடம் வந்து, "ஹள்ரத், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளிக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன். அது அரசு உதவி பெறும் பள்ளி. மாற்றலாமா?" என்று கேட்டார். நாம் சிறிதும் யோசிக்காமல், "தாராளமாக மாற்றுங்கள், அங்கேயும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசாங்கம்தான் கொடுக்கிறது. அதுவும் அரசுப் பள்ளி போலத்தான்" என்றோம். நம் சொல்லை நம்பி மாற்றினார்.

அதற்கு ஓராண்டு முன்னதாகவே, 2020இல், தமிழ்நாடு அரசு மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கிச் சட்டம் இயற்றியிருந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அரசு உதவி பெறும் பள்ளி அதில் சேராது. அந்தப் பிள்ளை 2025இல் நீட் தேர்வு எழுதினாள். அவள் பெற்ற மதிப்பெண் பொதுவான கலந்தாய்வுக்கும், நம் சமுதாயத்தின் ஒதுக்கீட்டுக்கும் போதவில்லை. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் அழைப்பு எதிர்பார்த்திருக்கக்கூடிய மதிப்பெண் அது. விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அந்தக் கட்டத்தில் தம் மகளுக்கு இடமில்லை என்பது தந்தைக்குத் தெரிந்தது.

நம் பள்ளிவாசலிலிருந்து ரயில் பாதையைக் கடந்தால் அண்ணாமலைநகர். அங்கே 1985இல் தொடங்கப்பட்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, மாணவர்களின் நெடிய போராட்டத்திற்குப் பின் 2021இல் சுகாதாரத் துறையின் கீழ் வந்து, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. கட்டணமும் பிற அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு நிகராகக் குறைந்தது. நாம் அந்தத் தவறான பதிலைச் சொன்னதும் அதே ஆண்டில்தான். அந்தப் பிள்ளை இப்போது அரசு கலைக் கல்லூரியில் இளம் அறிவியல் படிக்கிறாள். அவளுடைய தந்தை இன்றும் நமக்குப் பின்னால் இரண்டாம் ஸஃப்பில் தொழுகிறார்; ஸலாம் சொல்கிறார். ஒரு நாளும் நம்மைக் குறை சொன்னதில்லை. அவருடைய அனுமதியைப் பெற்றுத்தான் இதை இங்கே சொல்கிறோம்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தொலைதூரத்திலிருந்து வந்த ஒருவர் பல கேள்விகளைக் கேட்க, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, "எனக்குத் தெரியாது" என்றே விடையளித்தார்கள் என்று படித்திருக்கிறோம். மதரஸாவில் பாடமாகப் படித்ததை அன்று நாம் கடைப்பிடிக்கவில்லை. "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று அன்று சொல்லியிருந்தால் போதும். ஆகவே சகோதரர்களே, இனி நம்மிடம் கேட்டாலும், டியூஷன் வாத்தியாரிடம் கேட்டாலும், பதிலோடு நின்றுவிடாதீர்கள். அந்த விதி எழுதப்பட்ட தாளைக் கேளுங்கள்.

எந்தப் பள்ளியில் எந்தச் சலுகை என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அரசுப் பள்ளிக்கு மட்டும். 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது உண்டு. இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இது பொருந்தும். இதைப் பலர் அறியமாட்டார்கள்.

இரண்டு: கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022இல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024இல் தொடங்கியது.

மூன்று: எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஆகிய இரு வகை மாணவர்களும் எழுதலாம்.

ஆக, அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் சில இடங்களில் ஒன்று. சில இடங்களில் வேறு. உதவி பெறும் பள்ளிகள் தரம் குறைந்தவை என்று நாம் சொல்லவில்லை. அங்கே படித்து உயர்ந்தோர் ஏராளம். எதைப் பெறுகிறோம், எதை விடுகிறோம் என்று தெரிந்து சேருங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

எட்டாம் வகுப்பு: கையருகே உள்ள தேர்வு

மூன்றாவதாகச் சொன்ன அந்தத் தேர்வைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் பிள்ளைகள் மிக எளிதாகப் பயன்பெறக்கூடியது அதுவே. 2008இல் மத்திய அரசு தொடங்கிய இத்திட்டத்தில், தேர்ச்சி பெறும் மாணவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் வீதம், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவாகிறது. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேர்; அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 இலட்சம் ரூபாய்க்கு மிகாதிருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்.

தேர்வு இரண்டு தாள்கள். ஒன்று மனத்திறன், எண் தொடர், உருவ ஒற்றுமை, விடுபட்ட எழுத்து போன்றவை. மற்றொன்று படிப்பறிவு, அறிவியல், சமூக அறிவியல், கணக்கு. ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள், 90 நிமிடங்கள். அதாவது ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம். படிப்பறிவுத் தாளுக்குப் பாடப் புத்தகம் போதும். மனத்திறன் தாளுக்குப் பழக்கம் வேண்டும். பழைய வினாத்தாள்களை நாள்தோறும் அரை மணி நேரம் போட்டுப் பார்த்தால் அது கைவரும். பிள்ளைகள் பின்தங்குவது பெரும்பாலும் அறிவுக் குறைவினால் அன்று. இத்தகைய வினாவை முதன்முதலாகத் தேர்வு அறையிலேயே பார்ப்பதனால்தான். விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகவே செல்லும். எட்டாம் வகுப்புத் தொடங்கியவுடனேயே அவரிடம் போய், "எங்கள் பிள்ளையின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வையுங்கள்.

கிராமப்புறத்து அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் படிப்போருக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. மாவட்டத்திற்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாகின்றனர். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் படிப்போருக்கு 2023இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் 1,000 பேர் தேர்வு செய்யப்பட்டு, பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் வழங்கப்படுகிறது. மறுபுறம், மத்திய அரசின் சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை 2022-23 முதல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்காக வருமானச் சான்றிதழ் வாங்க இன்னும் சிலர் அலைகிறார்கள். அந்த உழைப்பை இந்தத் தேர்வுகளின் பக்கம் திருப்புங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு இருந்து வந்தது. நகரத்துப் பயிற்சி மையங்களுக்குச் செல்ல இயலாதோர் அதில் பின்தங்கினர். 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அது நீக்கப்பட்டது. இன்றும் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் முதலிய பொறியியல் கல்லூரிகளுக்கு மாநிலக் கலந்தாய்வில் நுழைவுத் தேர்வு இல்லை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200க்கு மதிப்பெண் கணக்கிடுகின்றனர். மருத்துவத்திற்கு மட்டும் 2017 முதல் நீட் தேர்வு வழியாகவே சேர்க்கை. அருகிலுள்ள புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புகளுக்கு 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதன் விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வருவதற்கு முன்பே மூடிவிடும். முடிவு வந்த பின் பார்க்கலாம் என்று இருந்தால் இடமில்லை.

கடலூர் தேவனாம்பட்டினத்திலுள்ள பெரியார் அரசு கலைக் கல்லூரிக்கும், சிதம்பரத்தை அடுத்த சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரிக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது. இணைய வழியில் விண்ணப்பித்தால், மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும் கொண்டு தர வரிசை அமைப்பார்கள். "தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா ஹள்ரத்?" என்று கேட்டு நம்மிடம் வராதீர்கள். அங்கே தெரிந்தவர் வேண்டாம்; தேதி தெரிந்தால் போதும்.

சான்றிதழ்: நம்மவர் தடுமாறும் இடம்

தேர்வில் தோற்றவர்களை விடச் சான்றிதழில் தோற்றவர்கள் நம் முஹல்லாவில் அதிகம். முதலாவது, சாதிச் சான்றிதழ். 2007இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டத்தின்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. சான்றிதழில் 'இஸ்லாம்' அல்லது 'முஸ்லிம்' என்று மட்டும் இருந்தால் அது செல்லாது. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்ற ஏழு பிரிவுகளில் எது என்று குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். இராவுத்தரும் மரைக்காயரும் லெப்பை என்ற பிரிவுக்குள்ளேயே அடங்குவர். ஆனால் ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு பிரிவும் தங்கைக்கு வேறொரு பிரிவும் எழுதி வாங்கி வைத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். கலந்தாய்வில் கேள்வி எழுந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

நீட் போன்ற மத்திய அரசுத் தேர்வுகளில் முஸ்லிம்களுக்குத் தனி ஒதுக்கீடு இல்லை. நம் பிரிவுகள் இதர பிற்படுத்தப்பட்டோரில் வருகின்றன. அதற்கு மாநிலச் சான்றிதழ் போதாது. வளமான பிரிவினர் அல்லர் என்று காட்டும் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழும் அவ்வாறே ஓராண்டுக்குத்தான் செல்லும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் உண்டு. பொறியியல் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். இவை அனைத்துக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மே மாதத்தில் அங்கே கூட்டம் நெரியும்; ஜனவரியிலேயே போய்விடுங்கள்.

இரண்டாவது, பெயர். நம் பிள்ளைகளின் பெயர் அழகானது. எழுதும் முறைதான் ஆளுக்கு ஒன்று. பிறப்புச் சான்றிதழில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மது', பள்ளிப் பதிவேட்டில் 'மொகமது'. ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஓ' ஓரிடத்தில், 'யு' ஓரிடத்தில். பெண் பிள்ளைக்கு ஓரிடத்தில் 'பாத்திமா', ஓரிடத்தில் 'ஃபாத்திமா பீவி', மற்றோரிடத்தில் வீட்டில் அழைக்கும் பெயர். தந்தையின் முதலெழுத்து சில இடங்களில் முன்னே, சில இடங்களில் பின்னே. கணினிக்கு இவர்கள் அனைவரும் வெவ்வேறு ஆட்கள்.

இதில் நமக்கும் பங்குண்டு. குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளில் காதில் பாங்கு சொல்லி, பெயர் சொல்லி, இனிப்பு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இனி அன்றே ஒரு தாளில் அந்தப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறோம். அதையே பிறப்புச் சான்றிதழிலும், பின்னர் எல்லா இடங்களிலும் எழுதுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பல தேவைகளுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டத் திருத்தம் வந்துவிட்டது. மூத்த பிள்ளைகளின் பெயர்ப் பிழைகளைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன்பே பள்ளியில் திருத்திவிடுங்கள். அதற்குப் பின் திருத்துவது பெரும் பாடு.

ஜமாஅத்திற்கு நம் வேண்டுகோள்

நிர்வாகத்தாரிடம் மூன்று கோரிக்கைகளை வைத்திருக்கிறோம். ஹவுழ் அருகே ஓர் அறிவிப்புப் பலகை வைத்து, அந்தந்த மாதத்தில் திறக்கும் சேர்க்கைகளையும் தேர்வுகளையும் கடைசித் தேதியுடன் எழுதி வைத்தல். ஜும்ஆவில் அதை வாசிக்க நாம் தயார். டிசம்பர், ஜனவரி ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் பட்டதாரி இளைஞர்கள் இருவர் அமர்ந்து, சான்றிதழ்களைச் சரிபார்த்து விண்ணப்பிக்க உதவுதல். மக்தபில் ஓதும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனத்திறன் வினாத்தாள் பயிற்சி அளித்தல். இவற்றுக்குப் பெரும் செலவில்லை. பைத்துல்மாலில் கை வைக்க வேண்டியதில்லை.

அந்தச் சகோதரரின் மகள் இந்த ஞாயிறு வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க முன்வந்திருக்கிறாள். "எனக்கு யாரும் சொல்லவில்லை, இவர்களுக்கு நான் சொல்கிறேன்" என்று தன் தந்தையிடம் சொன்னாளாம். அதைக் கேட்ட பிறகு நாம் வேறென்ன சொல்வது?

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், பெற்றோர்களாகிய நமக்கு விழிப்பையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவையும் எல்லாம் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.